பழைய வண்டிக்குக் கார்டு பூட்டும் ஜிபிஎஸ்ஸும்: செல்ஃபைத் தடுங்கள், ஓடுகிற இன்ஜினைத் தொடாதீர்கள்

கருங்கல் பக்கம் ஏத்தங்குலை (நேந்திர வாழைக்குலை) ஏற்றுகிற ஒரு ஆம்னி இருக்கிறது. ஓட்ட மூன்று பேர், சாவி ஒன்றே ஒன்று, அதுவும் கடைச் சுவரில் ஆணியில் தொங்கும். யார் எடுத்துப் போனார், எங்கே போனார், முந்தாநாள் அடித்த பெட்ரோல் அதற்குள் எப்படித் தீர்ந்தது என்று மாதக் கடைசியில் ஒரு வாக்குவாதம். குமரி மாவட்டத்தில் ரப்பர் ஷீட், மீன், பந்தல் சாமான் என்று எதை ஏற்றுகிற வண்டியைப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே கதைதான். அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை முடிந்ததும், சாவியைத் திருப்பி ஆன் செய்து டேஷ்போர்டில் கார்டைக் காட்டினால்தான் செல்ஃப் எடுக்கும். வண்டி எங்கே நிற்கிறது, எந்த வழியாகப் போனது என்பது போனில் தெரியும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஈயம் வைத்துப் பற்றவைக்க ஓரளவு பழகியிருக்க வேண்டும். புரோகிராம் எழுதத் தெரியாவிட்டால் பரவாயில்லை, எடுத்துத் திருத்தி எழுதத் தெரிந்தால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். தடுக்க வேண்டியது செல்ஃப் மோட்டாருக்கு, அதாவது இன்ஜினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்கிற மோட்டாருக்கு, போகிற வயரை மட்டும்தான். இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்), இவற்றுக்குப் போகிற எந்த வயரையும் வெட்டக் கூடாது. காரணம் எளிது. நாம் கையால் கட்டுகிற எலக்ட்ரானிக்ஸ் என்றைக்காவது ஒருநாள் கோளாறு பண்ணும். செல்ஃப் வயரில் இருந்தால் அன்றைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகாது, திட்டிவிட்டுத் தள்ளி எடுத்துப் போவீர்கள். இக்னிஷன் வயரில் இருந்தால் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பின்னால் பஸ் வரும்போது இன்ஜின் நிற்கும். இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கிற வேக்குவம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் காணும், அதற்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். கீழே வருகிற எல்லா வேலையும் இந்த ஒரு முடிவைச் சுற்றித்தான்.

அதே ஆம்னிக்காரர் என்னிடம் கேட்டார், "மக்ளே, இத மாட்டினா கள்ளன் வண்டிய கொண்டு போவ மாட்டானா?"

"தள்ளி ஸ்டார்ட் பண்ணினா கொண்டு போவான் அண்ணாச்சி. எங்க கொண்டு போறான்னு நமக்குத் தெரியும், அதுக்குத்தான் ரெண்டாவது பெட்டி, ஜிபிஎஸ் டிராக்கர்."

எந்த வண்டியில் செய்யலாம்

சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்கிற, சாவியில் சிப் இல்லாத பழைய பெட்ரோல் வண்டிகள்தான் கற்றுக்கொள்ள ஏற்றவை. ஆம்னி, ஆல்டோ, 800 இவற்றில் சிப் சாவி வராத பழைய மாடல்கள் அந்த ரகம். பட்டன் ஸ்டார்ட் உள்ள கார்களில் கை வைக்காதீர்கள். அவற்றிலும், சிப் வைத்த சாவியோடு வருகிற மற்ற கார்களிலும் கம்பெனியே இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) போட்டிருக்கிறது, நாம் செய்யப்போவதைவிட அது உறுதியானது. அதற்கு மேல் இது எதற்கு? ஜிபிஎஸ் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி முடியாத எந்த வண்டியிலும் வயரை வெட்டினால் ஷோரூமில் வாரண்டி பேச முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

மஞ்சள் போர்டு டாக்சி, வேன், பஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மத்திய மோட்டார் வாகன விதி 125எச் படி, பயணிகளை ஏற்றும் வாடகை வண்டிகளில் ஏஐஎஸ் 140 தரம் கொண்ட இருப்பிடக் கருவியும் அவசர பட்டனும் இருக்க வேண்டும். புது வண்டிகளுக்கு இது 2019 ஜனவரி 1 முதல் வந்தது. இருசக்கரம், மூன்று சக்கரம், இ-ரிக்‌ஷா ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. நாம் வாங்கி மாட்டுகிற சாதாரண டிராக்கர் அதற்கு ஈடாகாது. நாகர்கோவில் ஆர்டிஓவில் போய் 'என் வண்டியில் ஜிபிஎஸ் இருக்கே' என்றால் எடுபடாது.

வாங்க வேண்டியவை

கார்டு பக்கத்துக்கு: ஈஎஸ்பி32 போர்டு (நம் புரோகிராமை ஓட்டுகிற குட்டிக் கம்ப்யூட்டர்) ஒன்று, ஆர்சி522 கார்டு ரீடர் ஒன்று, 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டோ சாவிக்கொத்தில் மாட்டுகிற டேகோ ஆளுக்கு ஒன்று வீதம், கூடுதலாக இரண்டு. நேரம் காட்ட டிஎஸ்3231 கடிகார மாட்யூல். 12 வோல்ட்டை 5 ஆகக் குறைக்க எல்எம்2596 பக் கன்வர்ட்டர். ஒற்றை ரிலே மாட்யூல், அந்த நீலப் பெட்டி (ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்கிற சுவிட்ச்). அதோடு ஹார்னுக்கும் ஹெட்லைட்டுக்கும் போடுகிற 12 வோல்ட் 30 ஆம்பியர் கார் ரிலேயும் அதன் சாக்கெட்டும். சின்ன பஸ்ஸர், 1என்5822 டயோடு, 4700 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர், 2 ஆம்பியர் ஃபியூஸ் ஹோல்டரோடு, வயர், லக்கு, ஹீட் ஸ்லீவ். கார் ரிலேயும் சாக்கெட்டும் எந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலும் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் சாமான்களை நம் ஊரில் தேடி அலைவதைவிட ஆன்லைனில் போட்டுவிடுவது மேல்.

கார்டு வாங்கும்போது இரண்டு ரகம் கண்ணில் படும். அபார்ட்மெண்ட் கேட்டிலும் ஆபீஸ் வாசலிலும் காட்டுகிற தடித்த வெள்ளைக் கார்டு பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ், அதை ஆர்சி522 படிக்காது. கண்ணாடியில் ஒட்டியிருக்கிற ஃபாஸ்டேக்கையே பயன்படுத்தலாமா என்று ஒருத்தர் கேட்டார். அது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, நாங்குநேரி டோல்கேட்டில் தூரத்திலிருந்தே படிப்பதற்கானது. நம் ரீடருக்கு அது இருப்பதே தெரியாது. ஆதார் கார்டில் சிப்பே கிடையாது. போனில் உள்ள என்எஃப்சியும் சரிவராது, பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணைக் காட்டும்.

மலிவான கார்டுகளை நகல் எடுக்க முடியும், அதை மறைக்க வேண்டியதில்லை. இவற்றில் பரவலான மைஃபேர் கிளாசிக் என்ற ரகத்தின் ரகசியக் குறியீட்டு முறை 2008-லேயே உடைபட்டுவிட்டது. நாம் வெறும் அடையாள எண்ணை மட்டும்தான் படிக்கப்போகிறோம், அதை நகல் எடுப்பது இன்னும் சுலபம். ஆனால் ஆம்னியைத் திருட வருகிறவன் கார்டை நகலெடுத்துக்கொண்டு இருக்க மாட்டான், வயரைத்தான் பிடுங்குவான். மூன்று டிரைவரில் யார் எடுத்தது என்று கணக்கு வைக்க இது தாராளம்.

டேகைச் சாவியோடு சேர்த்துக் கோத்துவிடாதீர்கள். எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். ஆணியில் தொங்குகிற சாவியோடு டேகும் தொங்கினால் இத்தனை பாடும் எதற்கு? சாவி வண்டிக்கு, டேக் ஆளுக்கு. அவரவர் வீட்டுச் சாவியோடோ பர்ஸிலோ இருக்கட்டும்.

முதலில் மேஜையில்

வண்டிக்குப் போகவே வேண்டாம். 12 வோல்ட் அடாப்டரோ பழைய யுபிஎஸ் பேட்டரியோ இருந்தால் போதும். பக் கன்வர்ட்டரில் எதையும் இணைக்காமல், மீட்டரை வெளியீட்டில் வைத்து, சின்ன திருகை ஸ்க்ரூடிரைவரால் திருப்பி 5 வோல்ட் வைத்துவிட்டு அப்புறம்தான் ஈஎஸ்பி32-ஐ இணைக்க வேண்டும். கடையிலிருந்து வரும்போது அது எத்தனை வோல்ட்டில் இருக்கும் என்று சொல்ல முடியாது. நேரே 12 போய் போர்டு எரிந்த கதைகள் ஏராளம்.

ஆர்சி522-க்கு 3.3 வோல்ட், 5 கொடுக்கக் கூடாது. ஈஎஸ்பி32-ம் 3.3 வோல்ட் சிக்னல்தான் என்பதால் இரண்டும் நேராகப் பேசும், 5 வோல்ட் சிக்னல் பேசுகிற ஆர்டுயினோ நேனோ போர்டை நான் சிபாரிசு செய்யாததற்கு அதுதான் காரணம். ரீடரின் கால்களை ஈஎஸ்பி32-ல் எந்த எண் காலில் இணைப்பது என்றால், எஸ்சிகே 18, மிசோ 19, மோசி 23, ரீடர் செலக்ட் 5, ரீசெட் 27 என்று வையுங்கள். கடிகாரத்துக்கு 21-ம் 22-ம். அதற்கும் 3.3 வோல்ட்டே கொடுங்கள். மலிவான டிஎஸ்3231 போர்டுகளில் பட்டன் செல்லைச் சார்ஜ் செய்கிற ஒரு சர்க்யூட் இருக்கிறது, 5 வோல்ட் கொடுத்தால் அது சார்ஜ் செய்யக் கூடாத சிஆர்2032 செல்லையும் சார்ஜ் செய்யப் பார்க்கும், செல் உப்பும். ரிலேயை 26-லும் பஸ்ஸரை 25-லும் போடுங்கள். 0, 2, 12, 15 ஆகிய கால்களில் ரிலேயைப் போடாதீர்கள், அவை போர்டு உயிர் பெறும்போது அது எந்த முறையில் எழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற கால்கள், அங்கே தேவையில்லாத துடிப்புகள் வரும்.

ஆர்டுயினோ மென்பொருளில் எம்எஃப்ஆர்சி522 என்ற லைப்ரரியை ஏற்றி, அதோடு வருகிற மாதிரி புரோகிராமை ஓட்டினால் கார்டைக் காட்டியதும் அதன் எண் திரையில் வரும். ஒவ்வொரு டேகின் எண்ணையும் பெயரோடு எழுதி வையுங்கள். பிறகு உங்கள் புரோகிராம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: உயிர் பெற்றதும் முதல் வேலையாக ரிலேயை ஆஃபில் வை, கார்டு வந்தால் பட்டியலில் தேடு, இருந்தால் ஒரு குட்டி பீப் கொடுத்து ரிலேயை ஆன் செய்து அப்படியே விட்டுவிடு, இல்லாவிட்டால் நீளமாக ஒரு பீப். இரண்டிலும் நேரத்தையும் கார்டு எண்ணையும் உள்நினைவகத்தில் ஒரு வரியாக எழுது. ரிலேயை இத்தனை விநாடி கழித்து ஆஃப் செய் என்று எதுவும் எழுத வேண்டாம். சாவியை ஆஃப் செய்தால் மொத்தச் சர்க்யூட்டுக்கும் கரண்ட் போய்விடும், தானாகவே பூட்டிக்கொள்ளும்.

எழுதி வைத்த கணக்கைப் பார்க்க ஈஎஸ்பி32-லேயே வைஃபை இருக்கிறது. அது தன் சொந்தப் பெயரில் ஒரு வைஃபையைக் கொடுக்க, போனில் இணைந்து ஒரு பக்கத்தைத் திறந்தால் பட்டியல் வருகிற மாதிரி செய்துகொள்ளலாம். அதற்கு பாஸ்வேர்டு போடுங்கள்.

மேஜையில் கிடக்கட்டும், இரண்டு நாள் போகிறபோது வருகிறபோது கார்டைக் காட்டிப் பாருங்கள். இங்கே தெரியாத கோளாறு வண்டியில் தெரிந்தால் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

வண்டியில் வயர் தேடுவது

இதுதான் முழு வேலையிலும் பொறுமை கேட்கிற இடம். சாவி போடுகிற சுவிட்சின் பின்னால் ஒரு கப்ளர் (வயர்களைச் சொருகி இணைக்கிற கனெக்டர்) இருக்கும், அதில் நாலைந்து தடித்த வயர்கள். எந்த நிறம் எது என்று இணையத்தில் தேடி நம்பாதீர்கள், பழைய வண்டியில் எத்தனை பேர் கைவைத்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை பாடியின் எர்த்தில் பிடித்து, சிவப்பு முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு.

எப்போதும் 12 காட்டுவது பேட்டரி வயர். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் 12 காட்டி விட்டதும் பூஜ்யமாவதுதான் நமக்கு வேண்டிய செல்ஃப் வயர். மிச்சம் இரண்டு வயர்கள் சாவி ஆனில் 12 காட்டும், இங்கேதான் ஏமாறுவது. அவற்றில் ஒன்று செல்ஃப் அடிக்கும்போது செத்துவிடும். செல்ஃப் அடிக்கையில் ரேடியோ ஒரு கணம் அணைகிறதல்லவா, அது இந்த வயரால்தான், ஏசிசி என்பார்கள். நம் கார்டு சர்க்யூட்டுக்கு இதிலிருந்து கரண்ட் எடுத்தால், கார்டைக் காட்டி பீப் கேட்டு, சாவியைத் திருப்பிய அடுத்த கணமே சர்க்யூட் செத்து, ரிலே விழுந்து, செல்ஃப் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். திரும்பத் திரும்ப அதேதான் நடக்கும். ஆகவே செல்ஃப் அடிக்கும்போதும் உயிரோடிருக்கிற இன்னொரு வயரிலிருந்து, இக்னிஷன் வயரிலிருந்து, எடுக்க வேண்டும். அதை வெட்டத் தேவையில்லை. ஃபியூஸ் பாக்ஸில் அதே நேரத்தில் உயிரோடிருக்கிற ஒரு ஃபியூஸிலிருந்து ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்தில் சொருகி ஒரு கிளை வயர் எடுக்கிற அடாப்டர், ஒட்டுகிற டேப் இல்லை) போட்டு எடுத்தால் இன்னும் சுத்தம்.

கண்டுபிடித்த வயர்களில் ஒட்டுத்தாள் ஒட்டிப் பெயர் எழுதிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இனி வேலை முடிகிறவரை அது கழன்றே இருக்க வேண்டும்.

ரிலே

கார் ரிலேயின் அடியில் 30, 85, 86, 87, 87ஏ என்று எண்கள் அச்சடித்திருக்கும். செல்ஃப் வயரை வெட்டி, சாவி சுவிட்ச் பக்கத்து முனையை 30-லும், செல்ஃப் மோட்டார் பக்கத்து முனையை 87-லும் கொடுங்கள். 85 எர்த்துக்கு. 86-க்கு இக்னிஷன் 12 வோல்ட், ஆனால் அந்த நீல ரிலே மாட்யூலின் வழியாக. 87ஏ-யை ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள், அதற்கு வேலையில்லை.

நீல ரிலேயே 10 ஆம்பியர் தாங்கும் என்று எழுதியிருக்கிறதே, அதையே நேராகச் செல்ஃப் வயரில் போட்டால் என்ன என்று தோன்றும். செல்ஃப் மோட்டாரின் சாலினாய்டு (மோட்டாரை இன்ஜினோடு கோத்துவிடுகிற மின்காந்தம்) இழுக்கிற கணத்தில் அந்தச் சின்னத் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் கார்டே இல்லாமல் வண்டி ஸ்டார்ட் ஆகும், உங்களுக்கு மாதக் கணக்கில் தெரியவே தெரியாது. நீல ரிலே கார் ரிலேயின் காயிலை மட்டும் ஆட்டட்டும், பெரிய கரண்டைக் கார் ரிலே பார்த்துக்கொள்ளும். மாட்யூல் வாங்கும்போது ஆன் ஆவது ஹை சிக்னலிலா லோ சிக்னலிலா என்று மாற்றிக்கொள்கிற ஜம்பர் உள்ளதாகப் பார்த்து ஹையில் வையுங்கள். லோ வகை மட்டும் உள்ள 5 வோல்ட் மாட்யூல்கள் ஈஎஸ்பி32-ன் 3.3 வோல்ட்டுக்குச் சரியாக அணையாமல் பாதி உயிரில் நிற்பதுண்டு.

வெட்டிய இடத்தில் முறுக்கி டேப் சுற்றாதீர்கள். வெட்டிய இரு முனையிலும் ஆண், பெண் கப்ளர் போட்டு, ரிலேயிலிருந்து வருகிற வயர்களிலும் அதற்குப் பொருந்துகிற கப்ளர் போடுங்கள். ரிலே கோளாறானால், கார்டு தொலைந்தால், ஈஎஸ்பி32 மண்டையைப் போட்டால், ரிலேயைக் கழற்றிவிட்டு இரண்டு கப்ளரையும் ஒன்றோடொன்று சொருகினால் வண்டி பழையபடி ஆகிவிடும். பேச்சிப்பாறை ரோட்டில் ரப்பர் தோட்டத்து நடுவில் மழையில் நிற்கும்போது இந்த இரண்டு கப்ளரின் அருமை தெரியும். டிரைவர்களில் நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் அதைக் காட்டி வையுங்கள். புதிதாகப் போடுகிற வயர் பழைய வயரின் தடிமனுக்குக் குறையக் கூடாது.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி ஒரு கணம் 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கலாம், பழைய பேட்டரி என்றால் இன்னும் கீழே. அந்தக் கணத்தில் ஈஎஸ்பி32 மயங்கி எழுந்தால் ரிலே விழுந்துவிடும். அதற்காகத்தான் டயோடும் கெப்பாசிட்டரும். இக்னிஷன் வயர், ஃபியூஸ், டயோடு, கெப்பாசிட்டர், பக் கன்வர்ட்டர் என்ற வரிசையில் வையுங்கள், டயோடின் வெள்ளிக்கோடு கெப்பாசிட்டர் பக்கம். வோல்ட்டேஜ் சரிகிற அந்த முதல் கணத்தைக் கெப்பாசிட்டர் தாங்கிக்கொள்ளும், அதில் உள்ளது திரும்பச் செல்ஃப் பக்கம் ஓடாமல் டயோடு பார்த்துக்கொள்ளும்.

ரீடரை டேஷ்போர்டு பிளாஸ்டிக்கின் பின்புறத்தில் ஒட்டலாம். மூன்று நாலு சென்டிமீட்டருக்கு மேல் அது படிக்காது, பின்னால் தகரம் இருந்தால் அதுவும் படிக்காது. ஒட்டுவதற்கு முன்னால் இடம் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாருங்கள். ரீடருக்கும் போர்டுக்கும் நடுவே வயர் நீளக் கூடாது, ஒரு சாணுக்குள் இருந்தால் நல்லது. ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைக்கிற யோசனையை விட்டுவிடுங்கள், வெந்துவிடும்.

இன்னொரு லாபம். கார்டு சர்க்யூட் சாவி ஆன் ஆனால்தான் விழிக்கிறது, ஆகவே வண்டி நிற்கும்போது பேட்டரியிலிருந்து ஒரு துளியும் எடுக்காது. கதவையும் கார்டில் திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் ரீடர் ராப்பகலாக விழித்திருக்க வேண்டும், கதவு மோட்டாருக்கு ஒரு விநாடிக்கு மேல் கரண்ட் போனால் அது கருகும், மழைத் தண்ணீர் வேறு. முதல் வண்டியில் அது வேண்டாம் என்பேன்.

டிராக்கர்

ஜிபிஎஸ் பகுதியையும் நானே கட்டுகிறேன் என்று நியோ-6எம் (ஜிபிஎஸ் மாட்யூல்), சிம்800எல் (சிம் போடுகிற மாட்யூல்) வாங்குகிறவர்கள் உண்டு. படிக்க நல்லதுதான். ஆனால் சிம்800எல் 2ஜி மட்டும் பேசும், ஜியோவில் 2ஜி கிடையாது. அது சிக்னல் அனுப்புகிற கணங்களில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், சப்ளை கொஞ்சம் தளர்ந்தாலும் செத்துச் செத்துப் பிழைக்கும். டிராக்கரை மட்டும் ரெடிமேடாக, 4ஜி உள்ளதாக வாங்கிவிடுங்கள். உள்ளே சின்ன பேட்டரி இருக்கிறதா, சிக்னல் இல்லாத இடத்தில் பதிவுகளைச் சேமித்து வைத்து அப்புறம் அனுப்புமா, சர்வர் முகவரியை நாமே மாற்ற முடியுமா, இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கீரிப்பாறை, காளிகேசம், பாலமோர் என்று மலைப்பக்கம் ஏறுகிற வண்டிக்கு இரண்டாவது விஷயம் மிக முக்கியம். ஜிபிஎஸ்ஸுக்கு வானம் தெரிந்தால் போதும், அதை நமக்குச் சொல்லத்தான் டவர் வேண்டும்.

பெரும்பாலான டிராக்கர்களில் நாலு வயர் வரும். சிவப்பு பேட்டரிக்கு, ஃபியூஸ் வழியாக. கறுப்பு எர்த்துக்கு, வர்ணம் பூசாத உலோகத்தில் லக்கு வைத்து முறுக்கி. ஆரஞ்சு இக்னிஷனுக்கு, இதனால்தான் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று அதற்குத் தெரியும். மஞ்சள் என்பது போனிலிருந்து இன்ஜினை நிறுத்துகிற ரிலேக்கு. விற்பவர் அதைத்தான் பெருமையாகச் சொல்வார். ஸ்லீவ் போட்டு மூடி மடித்து வையுங்கள். வீட்டில் உட்கார்ந்து பட்டனை அழுத்துகிறவருக்கு அங்கே வண்டி களியக்காவிளை வளைவில் இருக்கிறதா, பின்னால் டேங்கர் வருகிறதா என்பது தெரியாது. வயர் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெட்டியோடு வந்த தாளைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

டிராக்கரின் ஆண்டெனா முகம் வானத்தைப் பார்க்க வேண்டும், அதற்கும் வானத்துக்கும் நடுவில் பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ இருக்கலாம், தகரம் கூடாது. டேஷ்போர்டின் மேல்தட்டுக்கு அடியில் ஒட்டினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். முதல் தடவை வெட்டவெளியில் நிறுத்தி வைத்துக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

சிம்மை உங்கள் சொந்தப் பெயரிலேயே எடுங்கள். முதலில் போனில் போட்டு நெட் வேலை செய்கிறதா பார்த்து, சிம் பின் பூட்டு இருந்தால் எடுத்துவிட்டு, அப்புறம் டிராக்கரில் போடுங்கள். ஏபிஎன் (சிம் நெட்டுக்குள் நுழைகிற வாசல்) பெயரை எஸ்எம்எஸ் கட்டளையில் கொடுக்க வேண்டியிருக்கும், ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். டேட்டா ஒன்றும் பெரிதாக ஆகாது, அரை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினாலும் மாதத்துக்குச் சில பத்து எம்பிதான். செலவெல்லாம் வேலிடிட்டி ரீசார்ஜுக்குத்தான், அதை மறந்தால் சரியாக வேண்டிய நாளில் வண்டி மேப்பில் இருக்காது. டிராக்கரின் ஆரம்ப பாஸ்வேர்டு பெரும்பாலும் 123456 என்றுதான் இருக்கும், அதை அன்றைக்கே மாற்றுங்கள்.

கூடவே வருகிற ஆப் போதுமென்றால் அதோடு நிறுத்தலாம். விவரம் தெரிந்தவர்கள் டிராக்கார் (Traccar) என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் சர்வரை ஒரு சின்ன வாடகைக் கம்ப்யூட்டரில் போட்டு, டிராக்கரை அங்கே பேச வைக்கலாம், பதிவுகள் நம் கையிலேயே இருக்கும்.

ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்தில் வரும், நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னே. சர்வரில் இந்திய நேரம் வைக்காமல் விட்டால் காலை 6 மணி மார்க்கெட் ஓட்டம் நள்ளிரவு 12.30 என்று காட்டி, பாவம், டிரைவர் மாட்டிக்கொள்வார். கார்டு கணக்கில் உள்ள நேரமும் மேப்பில் உள்ள நேரமும் ஒத்துப்போனால்தான் யார் எங்கே போனார் என்று இரண்டையும் பொருத்திப் பார்க்க முடியும்.

எல்லை போடுவது

இந்த எல்லைக்கு வெளியே போனால் சொல் என்று மேப்பில் கோடு போடுகிற வசதி எல்லா ஆப்பிலும் உண்டு. நம் மாவட்டத்தில் அதைக் கொஞ்சம் யோசித்துப் போட வேண்டும். பலரும் கேரள எல்லையில் களியக்காவிளையில் ஒரு வட்டம், திருநெல்வேலி பக்கம் ஆரல்வாய்மொழியில் ஒரு வட்டம் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். கேரளாவுக்குள் போக பனச்சமூடு, ஊரம்பு, கொல்லங்கோடு என்று எத்தனை வழி! வட்டத்துக்குப் பதில் வண்டி வழக்கமாக ஓடுகிற பகுதியைச் சுற்றி ஒரே பலகோணமாக வரைந்துவிடுங்கள். இரவு நிற்கிற ஷெட்டைச் சுற்றித் தனியாக ஒரு சின்ன வட்டம், 200 மீட்டராவது இருக்கட்டும். தகரக் கூரைக்கு அடியில் நிற்கிற வண்டி மேப்பில் இரவெல்லாம் பக்கத்து வீட்டுக்கும் ரோட்டுக்குமாக உலாவும், சிக்னல் எதிரொலிப்பதால். வட்டம் சின்னதானால் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும், மூன்றாம் நாள் நீங்களே அதை அணைத்துவிடுவீர்கள்.

சரிபார்ப்பு

பேட்டரியை மாட்டிய பிறகு கார்டு காட்டாமல் செல்ஃப் அடியுங்கள், எடுக்கக் கூடாது. தெரியாத கார்டு காட்டி அடியுங்கள். சரியான கார்டு காட்டி, குளிர்ந்த இன்ஜினில் ஒருமுறை, நன்றாக ஓடிச் சூடான பிறகு ஒருமுறை. இன்ஜின் ஓடும்போது கார்டு சர்க்யூட்டின் ஃபியூஸைப் பிடுங்கிப் பாருங்கள், இன்ஜின் நிற்கவே கூடாது. நின்றால் நீங்கள் வெட்டியது செல்ஃப் வயர் இல்லை, உடனே பிரித்துப் பாருங்கள்.

நிற்கும்போது எவ்வளவு கரண்ட் போகிறது என்பதையும் அளக்க வேண்டும். எல்லாம் ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, டிராக்கர் தூங்கப் போகிறவரை காத்திருந்து பாருங்கள். மீட்டர் இப்படி இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். டிராக்கர் தூங்காமல் 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். 35 ஆம்பியர் அவர் கார் பேட்டரி இரண்டு வாரத்தில் பாதிக்கு வந்துவிடும். இதையே 5 ஆம்பியர் அவர் பைக் பேட்டரியில் மாட்டினால் இரண்டு நாளில் பாதி. வெளிநாட்டுக்குப் போகிறவர் பைக்கில் டிராக்கர் மாட்டிவிட்டுப் போவது இந்தக் கணக்குத் தெரியாமல்தான்.

குளச்சல், முட்டம், தேங்காய்பட்டணம் பக்கம் மீன் ஏற்றுகிற வண்டியானால் உப்புக்காற்றும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்து செம்பு வயரைச் சில மாதத்தில் பச்சையாக்கிவிடும். எர்த் லக்கில் வாசலினோ கிரீஸோ தடவுங்கள், வெள்ளீயம் பூசிய வயர் கிடைத்தால் அதைப் போடுங்கள், பற்றவைத்த போர்டின் பின்பக்கம் நெயில் பாலிஷ் அடித்தாலும் தாங்கும், ரீடரின் ஆண்டெனாச் சுருளையும் கப்ளர் முனைகளையும் விட்டுவிட்டு. மழைக்காலம் நமக்கு இரண்டு தடவை வருகிறது, ஜூனுக்கு முன்னால் ஒருமுறையும் அக்டோபருக்கு முன்னால் ஒருமுறையும் கப்ளரைத் திறந்து பாருங்கள்.

டிரைவரும் இன்சூரன்ஸும்

டிரைவர்களிடம் சொல்லிவிட்டு மாட்டுங்கள். ஒளித்து வைத்து அப்புறம் ஒருநாள் 'நீ அங்கே ரெண்டு மணி நேரம் நின்னியே' என்று கேட்டால் நல்ல டிரைவர்தான் முதலில் வேலையை விட்டுப் போவார். உங்கள் பெயரில் இல்லாத வண்டியில் ரகசியமாக மாட்டித் தரச் சொல்லிக் கேட்பவர்களும் வருவார்கள், அந்த வேலைக்கு நான் ஆள் இல்லை.

வண்டி உண்மையிலேயே காணாமல் போனால் மேப்பைப் பார்த்துக்கொண்டு நீங்களே துரத்தாதீர்கள். 112-க்கு அழைத்து, ஸ்டேஷனில் புகார் கொடுத்து, நகரும் புள்ளியை அவர்களிடம் காட்டுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி திருட்டு க்ளெய்முக்கு வண்டியின் இரண்டு அசல் சாவியையும் கேட்கும், அதற்குக் கார்டு ஈடாகாது. ஆணியில் தொங்குவது போக மற்ற சாவி எங்கே என்று இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். திருட்டுத் தடுப்புக் கருவிக்குப் பிரீமியத்தில் தருகிற சின்னத் தள்ளுபடி ஏஆர்ஏஐ (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) அங்கீகாரம் பெற்ற கருவிகளுக்குத்தான், நம் கைவேலைக்குக் கிடையாது.

வண்டியை விற்கும்போது ரிலேயைக் கழற்றிக் கப்ளர்களை நேராகச் சொருகிவிட்டு, டிராக்கரையும் சிம்மையும் எடுத்து, ஆப்பிலிருந்து அந்த வண்டியை நீக்கிவிடுங்கள். வாங்கியவர் கேட்டால் டிராக்கரை அவர் பெயருக்கு, அவர் சிம்மில், புது பாஸ்வேர்டோடு மாற்றிக் கொடுக்கலாம்.